கண்ணோரம் சீழ்: சொட்டு மருந்து போதுமா, ஆபரேஷன் வேண்டுமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 58 வயது. இரண்டு வருடமாக வலது கண்ணில் நீர் வடிகிறது. போன மாதம் கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவில் சிவந்து வீங்கி, மாத்திரையில் அடங்கியது. இப்போதும் அமுக்கினால் சீழ் வருகிறது. கண்புரை ஆபரேஷனுக்குப் போனால், “முதலில் டி.சி.ஆர். (கண்ணீர் மூக்குக்குள் வடியப் புது வழி திறக்கும் ஆபரேஷன்) செய்துகொண்டு வாருங்கள்” என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சொட்டு மருந்திலேயே சரியாகாதா? முகத்தில் தழும்பு விழுமா?

பதில்: சொட்டு மருந்தில் சரியாகாது. உங்கள் அம்மாவுக்குக் கண்ணீர்ச் சுரப்பியில் கோளாறு இல்லை. அது கண்ணுக்கு மேலே வெளிப்பக்கமாக இருக்கிறது. கோளாறு வடிகாலில். கண்ணாடி முன் நின்று கீழ் இமையின் மூக்கோர முனையை லேசாகத் திருப்பிப் பாருங்கள், ஊசிமுனை அளவில் ஒரு துளை தெரியும். கண்ணீர் அதன் வழியே கண்ணீர்ப் பைக்குப் போய், அங்கிருந்து ஒரு குழாயில் மூக்குக்குள் இறங்குகிறது. அழுதால் மூக்கு ஒழுகுவது இதனால்தான். நாற்பதைத் தாண்டிய பெண்களுக்கு இந்தக் குழாய் அடைத்துக்கொள்வது அதிகம். அடைத்தால் பையில் நீர் தேங்கும், தேங்கிய நீர் சீழ் பிடிக்கும். மருந்து சீழை அடக்குமே தவிர, அடைப்பை எடுக்காது.

திருப்பி அனுப்பியவர்கள் நல்லதுதான் செய்திருக்கிறார்கள். பக்கத்தில் சீழை வைத்துக்கொண்டு கண்புரை ஆபரேஷன் செய்தால், கிருமி கண்ணுக்குள் புகுந்து பார்வையே போகலாம். கண்புரைக்கு முன்னால் கண்ணோரத் துளையில் உப்புநீர் செலுத்தி, “தொண்டைக்குத் தண்ணி வருதாம்மா?” என்று கேட்பது இதற்காகத்தான். அம்மாவுக்குத் தொண்டைக்கு வராமல், மேல் இமையில் உள்ள துளை வழியாகத் திரும்பியிருக்கும்.

டி.சி.ஆரில் பழைய குழாயைத் தொடுவதில்லை. பைக்கும் மூக்குக்கும் நடுவில் இருக்கும் எலும்பில் ஒரு சிறிய சன்னல் திறந்து, பையை நேராக மூக்குக்குள் வடியவிடுகிறோம். 1904-இல் இத்தாலிய மருத்துவர் டோட்டி விவரித்த முறை. அடிப்படை இன்றும் அதுதான். வெளியிலிருந்து செய்தால் மூக்கின் பக்கவாட்டில் ஒன்றரை சென்டிமீட்டர் அளவுக்குக் கீறல் இருக்கும். பெரும்பாலானோருக்குச் சில மாதங்களில் மங்கிவிடும். மூக்கு வழியாக எண்டோஸ்கோப்பில் செய்தால் முகத்தில் தழும்பே இராது. தேர்ந்த கைகளில் இரண்டிலுமே பத்தில் ஒன்பது பேருக்குப் பலன் கிடைக்கிறது. என்னைக் கேட்டால், தழும்பைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் மருத்துவருக்கு எது கைவந்ததோ அதையே செய்துகொள்ளுங்கள்.

மறுபடி சிவந்து வீங்கினால் முதலில் மாத்திரையில் அடக்கிவிட்டுத்தான் ஆபரேஷன். அதற்குள் யாராவது சொன்னார்கள் என்று வீக்கத்தின் மேல் சுண்ணாம்பு தடவிவிடாதீர்கள். கண்ணில் பட்டால் கருவிழி வெந்துவிடும். அம்மா ஆஸ்பிரின் போன்ற ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். இந்த ஆபரேஷனில் தொந்தரவு தருவது பெரும்பாலும் மூக்கு ரத்தம்தான். முடிந்த பிறகு ஒரு வாரமாவது மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். முதல் நாள் சூடான காபி வேண்டாம்.

சிலருக்குப் புது வழி மூடிக்கொள்ளாமலிருக்க மெல்லிய சிலிக்கான் குழாய் வைப்பார்கள். கண்ணோரத்தில் நூல்போலத் தெரியும். பீளை என்று நினைத்து அதை இழுத்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. அம்மாவிடம் முன்பே சொல்லிவையுங்கள். சில வாரங்களிலோ மாதங்களிலோ மருத்துவரே எடுத்துவிடுவார். பிறகு மறுபடி உப்புநீர் செலுத்திப் பார்த்து, தொண்டைக்கு வந்தால் கண்புரைக்குத் தேதி வாங்கிக்கொள்ளலாம்.