நிலாவெளிக் காணியும் பாலே சப்பாத்தும்

திருகோணமலைக்கும் பாலேக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். பேரப்பிள்ளைகள் லண்டனிலும் பர்மிங்ஹாமிலும் ஆடுகிறார்கள், செலவுக் கணக்கு மட்டும் கோணேசர் மலையடிக்கு வந்து சேர்கிறது. இந்த முறை வந்த கேள்விகளில் நான்கு இதைப் பற்றியவை. பெயர்களைத் தவிர்த்துவிட்டேன்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியர், உப்புவெளியில் இருக்கிறேன். இங்கிலாந்தில் இருக்கும் மகளின் பிள்ளைக்குப் பதினொரு வயது. பாலே பழக்கும் விடுதிப் பாடசாலை ஒன்றுக்குத் தெரிவாகியிருக்கிறாள். ஏழு வருடப் படிப்பாம். நிலாவெளியில் என்னிடம் இருபது பேர்ச் காணி இருக்கிறது. விற்று அனுப்பலாமா? மகள் கேட்கவில்லை. ஆனால் போனில் அவளுடைய குரல் சரியில்லை.

பதில்: ஐயா, காணியை இப்போது விற்காதீர்கள்.

ஏழு வருடம் என்று சொல்கிறார்கள் அல்லவா, அங்கேதான் கணக்குப் பிழைக்கிறது. சாதாரண விடுதிப் பாடசாலையில் பிள்ளையைச் சேர்த்தால், பெரிய குழப்படி ஏதும் செய்யாவிட்டால் கடைசி வகுப்பு வரை இருக்கும். பாலே பாடசாலை அப்படியல்ல. இடையிடையே பிள்ளையின் ஆட்டத்தையும் உடம்பையும் மதிப்பிட்டு, தொடர்ந்து இருக்கலாமா என்று முடிவு சொல்லும் பாடசாலைகள் உண்டு. பதினொரு வயதில் சரியாக இருந்த இடுப்பும் கணுக்காலும் பதின்மூன்றில் வளர்ந்து வேறு மாதிரி ஆகலாம். காயம் வரலாம். பிள்ளைக்கே மனம் மாறலாம். பதினாறில் மேல்நிலைப் பிரிவுக்குப் போவதற்கு இன்னொரு தெரிவு, அதில் வேறு நாட்டுப் பிள்ளைகளும் போட்டிக்கு வருவார்கள். ஆக, உங்கள் மகள் வாங்குவது இடையில் முடிந்துபோகக்கூடிய ஓர் இடம். அதற்கு முழுக் காணியையும் முதல் நாளே கொடுப்பது நல்ல வியாபாரமில்லை.

அடுத்தது, மகள் அரசாங்க உதவிக்கு விண்ணப்பித்தாளா என்று கேளுங்கள். இங்கிலாந்தில் மியூசிக் அண்ட் டான்ஸ் ஸ்கீம் என்று ஒன்று இருக்கிறது. நடனத்தில் நான்கு பாடசாலைகள் அதற்குள் வருகின்றன: ரோயல் பாலே ஸ்கூல், பர்மிங்ஹாமில் எல்ம்ஹர்ஸ்ட், ஹார்ட்ஃபர்ட்ஷயரில் ட்ரிங் பார்க், செஸ்டரில் ஹமண்ட். பெற்றோரின் வருமானத்தைப் பார்த்து உதவியைத் தீர்மானிப்பார்கள். குறைந்த வருமானக் குடும்பத்துக்கு அனேகமாக முழுச் செலவையும் அரசு ஏற்கும், நடுத்தரக் குடும்பம் ஒரு பங்கைக் கட்டவேண்டும். இதை அறியாமல் காணி விற்ற பிறகு, 'அப்பா, எங்களுக்கு உதவி கிடைத்துவிட்டது' என்று போன் வந்தால் என்ன செய்வீர்கள்? நிலாவெளிக் கடற்கரைப் பக்கம் ஒருதரம் கைவிட்ட காணியைத் திருப்பி வாங்கிய ஒருவரை நான் இதுவரை காணவில்லை.

உதவி கிடைக்காவிட்டால், அல்லது பாடசாலை இந்த நான்கில் இல்லாவிட்டால், ஒப்பந்தத்தை வாசிக்கவேண்டும். மகளிடம் அதை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். ஆசிரியராக இருந்தவருக்கு இருபது பக்கம் ஒரு பொருட்டல்ல. நான் முதலில் தேடுவது, விலகும் போது கொடுக்கவேண்டிய முன்னறிவித்தல். அங்கே பெரும்பாலான தனியார் பாடசாலைகள் ஒரு முழுத் தவணை முன்னதாக எழுத்தில் அறிவிக்கச் சொல்கின்றன. அறிவிக்காவிட்டால் அந்தத் தவணைக் கட்டணம் போய்விடும். சரி, பாடசாலையே 'அடுத்த வருடம் வேண்டாம்' என்று சொன்னால்? அப்போதும் அந்தக் கட்டணத்தைக் கேட்பார்களா, முற்பணத்தைத் திருப்பித் தருவார்களா? இரண்டுக்கும் எழுத்தில் பதில் எடுக்கட்டும். நல்ல பாடசாலை முகம் சுளிக்காது.

இன்னொன்று, 2025 ஜனவரி 1 முதல் இங்கிலாந்தில் தனியார் பாடசாலைக் கட்டணத்துக்கு 20 வீதம் வற் வரி சேர்ந்துவிட்டது. விடுதிக் கட்டணமும் இதில் அடங்கும். மகள் பார்த்த கட்டணம் வரி சேர்த்ததா, சேர்க்காததா?

கட்டணப் பட்டியலில் வராத செலவுகளும் இருக்கின்றன. தவணை நடுவில் விடுதியை மூடிவிடும் வார இறுதிகள் உண்டு, எக்ஸியட் என்பார்கள். அன்றைக்குப் பிள்ளை யாராவது ஒருவர் வீட்டுக்குப் போகவேண்டும். ஒக்டோபர், பெப்ரவரி, மே மாதங்களில் தவணை நடு விடுமுறைகள். ரயில் காசு, பிசியோ, சப்பாத்து. மகளின் குரல் சரியில்லாததற்கு இந்தச் சில்லறைகள் காரணமாக இருக்கலாம். கட்டணத்தைக் கணக்குப் பார்த்துத் துணிந்த வீடுகள் கூட இவற்றில் தடுமாறுகின்றன. நீங்கள் உதவ விரும்பினால் இதில் ஒன்றைப் பொறுப்பெடுங்கள், 'பேத்தியின் சப்பாத்துச் செலவு என்னுடையது' என்று. காணி காணியாகவே இருக்கட்டும்.

கடைசியாக ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: ஜி.சி.எஸ்.ஈ., அதாவது அங்கத்தைய சாதாரண தரப் பரீட்சையில் எத்தனை பாடம் எடுக்கிறார்கள், பெறுபேறு எப்படி? இந்தப் பாடசாலைகளில் கணிதமும் விஞ்ஞானமும் ஆங்கிலமும் கூடவே படிப்பிக்கிறார்கள். ஆட்டம் நின்றால் பிள்ளை கையில் எடுத்துக்கொண்டு வெளியே வரப்போவது அதைத்தான்.

கேள்வி: பாலையூற்றிலிருந்து எழுதுகிறேன். அக்காவின் மகளுக்கு, விரல் நுனியில் நின்று ஆடப் போடும் பொயின்ட் சப்பாத்து வாங்கி அனுப்பச் சொல்கிறார்கள். அங்கே ஒரு சோடி ஐம்பது பவுண் அளவிலாம், சில கிழமையில் பிய்ந்துவிடுகிறதாம். இணையத்தில் பாதி விலைக்கு இருக்கிறது. ஒரு அளவு பெரிதாக மூன்று சோடி வாங்கினால் வளரும்போது பாவிக்கலாம்தானே?

பதில்: தங்கச்சி, இந்தப் பிழையை நான் செய்து முடித்துவிட்டேன், நீங்கள் செய்யவேண்டாம்.

என் பெறாமகளுக்குக் கொழும்பில் ஒரு கடையில் இப்படித்தான் 'வளரும் பிள்ளை' என்று அரை அளவு கூட்டி வாங்கினேன். வீட்டில் நாடாவையும் தைத்தேன். போட்டு எழும்பி நின்றாள், குதிப்பக்கம் துணி பை மாதிரித் தொங்கியது. உள்ளே கால் வழுக்கிப் பெருவிரல் முழுப் பாரத்தையும் வாங்க, நகம் கறுத்தது. தைத்த சப்பாத்தைக் கடைக்காரர் திருப்பி எடுக்கவில்லை. அவரைக் குறை சொல்லவும் முடியாது. அது இப்போதும் என் அலுமாரியில் கிடக்கிறது, றோஸ் நிறத்தில், ஒரு நாள் கூட ஆடாமல்.

விஷயம் என்னவென்றால், அதற்குள் இரும்போ மரமோ இல்லை. விரல் நிற்கும் முன்பெட்டி, துணியும் கடதாசியும் பசையும் அடுக்கடுக்காக ஒட்டிக் காயவைத்தது. அடியில் ஒரு விறைத்த தகடு. பிள்ளை நிற்பது விரல் நுனியில் மட்டுமல்ல, பெட்டி பாதத்தைச் சுற்றிலும் இறுக்கிப் பிடிப்பதால்தான் தூக்கி நிறுத்துகிறது. பெரிதானால் பிடிப்பு இல்லை. நீளம் மட்டும் போதாது. அகலம், முன்பக்க உயரம், தகட்டின் விறைப்பு எல்லாம் பார்க்கவேண்டும். அதனால்தான் அங்கே கடைகளில் அளவு பார்த்துக் கொடுக்கவென்றே ஆள் இருக்கிறார். 1929 இல் லண்டனில் தொடங்கிய ஃப்ரீட் நிறுவனத்தில் இன்றைக்கும் கையால் செய்கிறார்கள். செய்தவரின் குறி அடியில் இருக்கும், ஆடுபவர்கள் தங்களுக்குப் பிடித்த கைக்காரரின் குறியைத் தேடி வாங்குவார்கள். இதைப் பாலையூற்றிலிருந்து போனில் பார்த்து எப்படித் தெரிவு செய்வது?

அதனால் சப்பாத்தை வாங்காதீர்கள், காசை அனுப்புங்கள். பிள்ளை கடைக்குப் போய்ப் போட்டுப் பார்த்து வாங்கட்டும். மூன்று சோடி ஒன்றாகவும் வேண்டாம், அந்த வயதில் கால் ஒரு தவணைக்குள் மாறிவிடும். வாங்கிய சோடியைக் கம்பளத்தில் நின்று மட்டும் பார்த்து, ஆசிரியரிடம் காட்டிவிட்டுப் பிறகு நாடா தைக்கச் சொல்லுங்கள். தைக்காத, தரையில் ஆடாத சப்பாத்தென்றால்தான் மாற்றித் தருவார்கள். நாடாவைத் தைக்கச் சில பிள்ளைகள் நூலுக்குப் பதில் பல் இடுக்கில் போடும் நூலைப் பாவிக்கிறார்கள், அவ்வளவு உறுதி. நாடா நுனி பிரியாமல் இருக்க நெருப்புக்குச்சியால் சற்றே சுட்டுவிடுவார்கள்.

நிறம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். எங்கள் பிள்ளைகளின் கால் அந்த றோஸ் நிறமில்லை. நெடுங்காலம் மண்ணிற முகப்பூச்சைச் சப்பாத்தில் பூசித்தான் சமாளித்தார்கள். 2018 இல் ஃப்ரீட், கறுப்பின, ஆசிய நடனக்காரர்கள் ஆடும் பாலே பிளாக் என்ற லண்டன் குழுவோடு சேர்ந்து மண்ணிறத்திலேயே சப்பாத்து வெளியிட்டது. பாடசாலை அனுமதித்தால் பூச்சுக்கான காசும் நேரமும் மிச்சம்.

கேள்வி: உவர்மலையில் இருக்கிறேன். மகளுக்குப் பதின்மூன்று வயது. வெள்ளவத்தையில் பெரியம்மா வீட்டில் நின்று பாலே பழகுகிறாள், ரோயல் அகாடமி ஒஃப் டான்ஸ் பரீட்சைகளில் நல்ல பெறுபேறு. ஒரு முகவர், இங்கிலாந்தில் பாலே விடுதிப் பாடசாலையில் இடம் இருக்கிறது, ஓடிஷன் (ஆடிக் காட்டும் தெரிவு) தேவையில்லை, எனக்கும் கூடப் போய் நிற்க விசா எடுத்துத் தரலாம் என்கிறார். பதிவுக்கு மூன்று லட்சம் கேட்கிறார்.

பதில்: அக்கா, காசைக் கொடுத்துவிட்டீர்களா? இல்லையென்றால் கொடுக்காதீர்கள்.

பிள்ளை ஆடுவதையே பார்க்காமல் இடம் கொடுக்கும் பாலே பாடசாலை பாலே பாடசாலையாக இருக்காது. முதல் சுற்றுக்கு வீடியோ கேட்பார்கள், சரி. ஆனால் கால் எவ்வளவு திரும்புகிறது, முதுகு எப்படி வளைகிறது, இசைக்கு எப்படிப் பதில் சொல்கிறாள் என்று பார்க்காமல் சேர்க்கமாட்டார்கள். விசா விஷயம் அதைவிட வெளிச்சம். அங்கே படிக்கும் பிள்ளையோடு பெற்றோர் ஒருவர் நிற்கும் விசா, 4 முதல் 11 வயதுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு மட்டும்தான். உங்கள் மகளுக்குப் பதின்மூன்று.

வேறு யாராவது வந்தாலும் இதைச் செய்யுங்கள்: வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு அனுசரணை கொடுக்க அனுமதி பெற்ற நிறுவனங்களின் பட்டியலை பிரித்தானிய அரசு இணையத்தில் வெளியிட்டிருக்கிறது. பாடசாலையின் பெயர் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு முகவர் தந்த மின்னஞ்சலுக்கு எழுதாமல், பாடசாலையின் இணையதளத்தில் உள்ள முகவரிக்கு நேரே எழுதுங்கள். கட்டணம் பாடசாலையின் பெயரிலுள்ள கணக்குக்கு, அவர்கள் அனுப்பிய பில்லைக் காட்டி, வங்கி வழியாகப் போகட்டும். உண்டியலில் போட்டால் கையில் ஒரு துண்டும் இருக்காது, நாளைக்குப் பொலிஸில் எதைக் காட்டுவது? உள்ளூரில் சேவைக்கென்று காசு வாங்கி ஏமாற்றினால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் சொல்லலாம், அங்கேயும் முதலில் கேட்பது பற்றுச்சீட்டைத்தான்.

மகளுக்கு வழி அடைபட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். பரீட்சைகளைத் தொடரட்டும். 15 முதல் 18 வயது வரையான பிள்ளைகளுக்கு சுவிட்சர்லாந்தில் 1973 முதல் பிரி து லொசான் என்ற போட்டி நடக்கிறது, பெரிய பாடசாலைகள் பிள்ளைகளை அங்கே வந்து பார்க்கின்றன. எட்டிப் பிடிப்பது கஷ்டம்தான், ஆனால் எந்த வழியில் போனாலும் ஆடிக் காட்டாமல் இடம் கிடைப்பதில்லை.

கேள்வி: பேத்தி ஓகஸ்ட் விடுமுறைக்கு வருகிறாள். ஒவ்வொரு நாளும் பழகவேண்டுமாம். வீடு முழுக்க மாபிள் தரை. அவளுக்கு என்ன வாங்கி வைக்கவேண்டும்? — டொக்யார்ட் வீதி அம்மம்மா

பதில்: அம்மா, மாபிளில் குதிக்க விடாதீர்கள். அடியில் விட்டுக்கொடுக்காத தரை முழங்காலையும் அதற்குக் கீழே முன்பக்க எலும்பையும் பதம் பார்க்கும், வழுக்கும் வேறு. ஓடாவி ஒருவரைப் பிடித்து, ஆறடிக்கு எட்டடி தடித்த பிளைவூட், அதற்குக் கீழே றப்பர் பாய், மேலே வழுக்காத வைனைல் விரிப்புப் போட்டுக்கொள்ளுங்கள். பிடித்துப் பழக மாடிப்படிக் கைப்பிடி மாதிரி ஓர் உருட்டு மரம், அவள் இடுப்புக்குச் சற்று மேலே, சுவரில் இறுக்கி. கதிரையைப் பிடித்து ஆடினால் கதிரையும் சேர்ந்து ஆடும். பொயின்ட் சப்பாத்தை விடுமுறையில் போடலாமா என்று ஆசிரியரைக் கேட்கச் சொல்லுங்கள். போட்டால், ஆடி முடிந்ததும் பைக்குள் திணிக்காமல் மின்விசிறிக்குக் கீழே விரித்து வையுங்கள். எங்கள் கடற்காற்றில் அந்தப் பசை இளகிவிடும், இளகிய பெட்டி பழைய சாக்குத்துணி மாதிரி மடியும்.

புறாமலைத் தீவுக்குக் கூட்டிப் போனால் காலுக்குச் செருப்போடு தண்ணீரில் இறக்குங்கள், பவளப்பாறை வெட்டினால் செப்டெம்பர் பயிற்சி போய்விடும்.

அப்புறம், வாசலில் கண்டதும் 'மெலிஞ்சு போனாய்' என்றோ 'கொழுத்திட்டாய்' என்றோ சொல்லவேண்டாம் என்று பக்கத்து வீட்டுக்காரருக்கும் சொல்லிவையுங்கள். கண்ணாடி முன் நாள் முழுக்க நிற்கும் பிள்ளைகள் இவர்கள். சாப்பாட்டைக் குறைத்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளும் ஆபத்து அந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்தது. பிட்டும் மீன்குழம்பும் மேசையில் வையுங்கள், எவ்வளவு எடுக்கிறாள் என்று பார்க்காதீர்கள்.