இன்சுலின் அளவு குறைகிறதே, கணையச் செல்கள் திரும்ப வளர்கின்றனவா?

கேள்வி: என் மகளுக்கு எட்டு வயது, 25 கிலோ. மூன்று மாதத்துக்கு முன் வைரஸ் காய்ச்சல் வந்து, அது விட்ட கையோடு டைப் 1 சர்க்கரை நோய் என்றார்கள். ஆரம்பத்தில் ஒரு நாளைக்கு 22 யூனிட் இன்சுலின் போட்டோம், இப்போது 5 யூனிட்டே போதுகிறது. வைரஸ் அழித்த செல்கள் மறுபடி வளர்ந்துவிட்டன, ஊசியை நிறுத்திவிட்டு லேகியம் கொடு என்கிறார் என் நாத்தனார். நிறுத்தலாமா?

பதில்: நிறுத்தாதீர்கள். அந்த 5 யூனிட்டும் வேண்டும்.

நீங்கள் பார்ப்பதை டாக்டர்கள் ஹனிமூன் காலம் என்பார்கள். நோய் தெரியவரும் நாளில், கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் எல்லாமே செத்திருக்காது. ஒரு பகுதி உயிரோடுதான் இருக்கும், ஆனால் வாரக்கணக்கில் 400, 500 என்று ஏறிக்கிடந்த சர்க்கரையால் இன்சுலினைச் சுரக்க முடியாமல் முடங்கியிருக்கும். ஊசி போட்டுச் சர்க்கரையை இறக்கியதும் அவை எழுந்து வேலையைத் தொடங்குகின்றன, அவ்வளவுதான், புதிதாக எதுவும் முளைக்கவில்லை. கிலோவுக்கு அரை யூனிட்டுக்குக் கீழே இன்சுலின் போட்டும் சர்க்கரை கட்டுக்குள் இருந்தால் இந்தக் கட்டம் என்று கொள்வது வழக்கம். உங்கள் மகளுக்கு அந்தக் கணக்கு 12.5 யூனிட், அவள் இருப்பது 5-இல். இது சில மாதம் நீடிக்கும், சிலருக்கு ஒரு வருடம் தாண்டியும் போகும், அப்புறம் தேவை மெல்ல ஏறும். ஏறும்போது நீங்கள் ஏதோ தப்பு செய்துவிட்டதாக நினைக்க வேண்டாம்.

காய்ச்சல்மீது பழி போடுவதிலும் கொஞ்சம் நிதானம் தேவை. வைரஸுக்குத் தொடர்பு உண்டுதான். 1979-இல் அமெரிக்காவில், ஃப்ளூ போன்ற காய்ச்சலுக்குப் பின் சர்க்கரை எகிறி இறந்துபோன பத்து வயதுச் சிறுவனின் கணையத்திலிருந்து காக்ஸாக்கி பி4 வைரஸைப் பிரித்தெடுத்து எலிகளுக்குச் செலுத்தினார்கள், சில எலிகளுக்கும் சர்க்கரை வந்தது. ஆனால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு பீட்டா செல்களுக்கு எதிரான ஆன்டிபாடிகள் (உடலின் எதிர்ப்புச் சக்தி தன் செல்லையே எதிரியாக நினைத்து உண்டாக்கும் புரதங்கள்), நோய் வெளிப்படுவதற்குப் பல மாதமோ பல வருடமோ முன்பே ரத்தத்தில் வந்துவிடுகின்றன. அதனால் மூன்று மாதத்துக்கு முந்தைய காய்ச்சல், உள்ளுக்குள் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்ததை வெளியே கொண்டுவந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

சரி, செல்கள் வளரவே வளராதா? குழந்தைப் பருவத்தின் முதல் சில வருடங்களில் பீட்டா செல்கள் ஓரளவு பெருகும், அப்புறம் அந்த வேகம் ஏறக்குறைய நின்றுவிடும். 2010-இல் ஜெனீவா ஆய்வாளர்கள் எலிகளின் பீட்டா செல்களைக் கிட்டத்தட்ட முழுவதும் அழித்துப் பார்த்தபோது, பக்கத்திலிருந்த ஆல்ஃபா செல்களில் (சர்க்கரையை ஏற்றும் ஹார்மோனைச் சுரப்பவை) சில மாறி இன்சுலின் சுரக்கத் தொடங்கின. அருமையான கண்டுபிடிப்பு, ஆனால் அந்த எலிகளில் உடலே தன் செல்லைத் தாக்கும் கோளாறு கிடையாது. உங்கள் மகளின் சிக்கலே அதுதான்: புதுச் செல் வந்தாலும் அதையும் தாக்கும். ஸ்டெம் செல்லிலிருந்து (வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய மூலச் செல்) ஆய்வகத்தில் வளர்த்த இன்சுலின் செல்களைக் கல்லீரலுக்குப் போகும் ரத்தக்குழாயில் செலுத்தியதில், முழு டோஸ் பெற்ற 12 பேரில் 10 பேருக்கு ஒரு வருடம் கழித்து இன்சுலின் ஊசியே தேவைப்படவில்லை என்று 2025-இல் வெளியானது. அவர்கள் எல்லோரும் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தைத் தொடர்ந்து எடுக்க வேண்டியவர்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு அந்த விலையைக் கொடுக்க நான் சொல்ல மாட்டேன். வைரஸ் எதிர்ப்பு மருந்தையும் முயன்றிருக்கிறார்கள். நார்வே, டென்மார்க்கில் நோய் தெரிந்த புதிதில் 96 பிள்ளைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஆறு மாதம் இரண்டு மருந்துகள் கொடுத்தார்கள். அவர்களுக்கு மிச்சமிருந்த சுரப்பு சற்று மெதுவாகக் குறைந்தது. நோய் போகவில்லை.

நாத்தனாரிடம் வாதாடுவதைவிட சி-பெப்டைட் பரிசோதனை எடுத்துப் பாருங்கள். கணையம் இன்சுலினை உண்டாக்கும்போது கூடவே வெட்டுப்பட்டு விழும் துண்டு அது, ஒரு இன்சுலினுக்கு ஒன்று என்ற கணக்கில் ரத்தத்துக்கு வரும். ஊசி மருந்தில் அது இல்லை. எனவே அந்த எண் முழுக்க அவளுடைய சொந்தச் சுரப்பு. சர்க்கரை அளவையும் அதே நேரத்தில் எடுக்கச் சொல்லுங்கள், தனியாகப் பார்த்தால் அர்த்தமில்லை. சி-பெப்டைட் நன்றாகவே இருந்தாலும் ஊசி தொடரும். சர்க்கரை கட்டுக்குள் இருந்தால் மிச்சச் செல்களுக்குப் பளு குறையும்.

இந்தக் காலத்தில் உங்களுக்குத் தலைவலி தாழ்சர்க்கரைதான். 70-க்குக் கீழே போனால் இரண்டு டீஸ்பூன் குளுக்கோஸைக் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி குத்திப் பாருங்கள். அடிக்கடி இறங்கினால் டாக்டர் யூனிட்டைக் குறைப்பார், நீங்களாக நிறுத்தக் கூடாது. அடுத்த காய்ச்சலில் சாப்பிடவில்லை என்பதற்காக நீண்ட நேர இன்சுலினை விட்டுவிடாதீர்கள், காய்ச்சலில் தேவை பெரும்பாலும் கூடும். வாந்தி, வயிற்றுவலி, இழுத்து இழுத்து மூச்சு, மூச்சில் பழவாடை இருந்தால் கீட்டோன் (இன்சுலின் போதாதபோது ரத்தத்தில் சேரும் அமிலம்) பார்க்க ஸ்ட்ரிப் தேடிக்கொண்டிருக்காமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.