ஐசோசலீஸா, வீவரா? முதலில் பாதத்தைப் பாருங்கள்

கேள்வி: ரேஞ்சில் 9 எம்.எம். பிஸ்டலில் பயிற்சி எடுக்கிறேன். வலது கைப் பழக்கம். ஒரு பயிற்சியாளர் ஐசோசலீஸ் நிலையில் நிற்கச் சொல்கிறார், இன்னொருவர் வீவர்தான் சரி என்கிறார். எப்படி நின்றாலும் முதல் குண்டு நடுவில் படுகிறது, அடுத்தவை மேலேயும் பக்கவாட்டிலும் சிதறுகின்றன. எதைப் பழகுவது?

பதில்: ஐசோசலீஸில், அதாவது இரண்டு கைகளையும் சமமாக முன்னே நீட்டி நிற்கும் நிலையில், தொடங்குங்கள். ஆனால் குண்டுகள் சிதறுவதற்கு நீங்கள் எந்த நிலையைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்பது காரணம் இல்லை. முதல் குண்டு நடுவில் படுகிறது என்றால் குறி பார்ப்பதும் ட்ரிகர் இழுப்பதும் ஓரளவு சரியாகவே இருக்கின்றன. வெடித்த பிறகு துப்பாக்கி பழைய இடத்துக்குத் திரும்பவில்லை, அதுதான் சிக்கல். பிஸ்டலின் குழல் கைப்பிடிக்கு மேலே இருப்பதால் ரீகாயில் (சுட்டதும் துப்பாக்கி தரும் உதை) நேராகப் பின்னால் வராது, முனையை மேலே தூக்கும். தூக்கிய முனை தானாக இறங்கி அதே இடத்தில் நிற்க வேண்டும். அதற்குத்தான் நிலை.

வீவர் நிலை 1950களின் இறுதியில் லாஸ் ஏஞ்சலஸ் கவுன்டி ஷெரிஃப் துறையைச் சேர்ந்த ஜாக் வீவர் போட்டிகளில் கையாண்டது. உடல் சாய்கோணத்தில் திரும்பியிருக்கும், இரண்டு முழங்கைகளும் மடிந்திருக்கும். துப்பாக்கிக் கை முன்னால் தள்ளும், துணைக் கை பின்னால் இழுக்கும். இந்தத் தள்ளலும் இழுப்பும் ஒவ்வொரு குண்டுக்கும் ஒரே அளவில் இருந்தால் அருமையான நிலை. புதியவர்களுக்கு அது கைகூடாது. இழுப்பு கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் குண்டு பக்கவாட்டில் ஓடும். இதிலேயே துப்பாக்கிக் கையை முழுக்க நீட்டி வைத்தால் அது சாப்மன் நிலை. 1975ல் நடைமுறைச் சுடுதலின் முதல் உலகப் போட்டியை வென்ற ரே சாப்மன் பெயரால் வழங்குவது. தோளிலோ முழங்கையிலோ பழைய வலி உள்ளவர்கள் இந்த இரண்டையும் முயன்று பார்க்கலாம்.

ஐசோசலீஸில் இரண்டு கைகளும் சமமாக நீளும், அழுத்தமும் சமம். முனை நேராக எழுந்து நேராக இறங்கும். வலது கைப் பழக்கம் இருந்தும் இடது கண் ஓங்கியவர்களுக்கும் (இடது கண்ணால் குறி பார்ப்பவர்களுக்கும்) இது வசதி: பிஸ்டலைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தினால் போதும்.

நிற்கும் முறை இதுதான். பாதங்கள் தோள் அகலம், அல்லது இன்னும் சற்றுக் கூடுதல். வலது பாதம் அரை அடி பின்னால். முழங்கால் பூட்டாமல் லேசாகத் தளர்ந்திருக்கட்டும். எடை குதிகாலில் இல்லாமல் முன்பாதத்தில். கனமான கதவைத் தள்ளப் போகிறவர் எப்படி நிற்பாரோ அப்படி, தோள்கள் இடுப்பைவிட முன்னால் இருக்க வேண்டும். பலரும் இங்கேதான் தவறுகிறார்கள். கையில் கனம் ஏறியதும் இடுப்பை முன்னே தள்ளி, மேலுடம்பைப் பின்னே சாய்த்துவிடுவார்கள். முதல் குண்டே அவர்களைக் குதிகாலுக்குத் தள்ளிவிடும், அடுத்தவை மேலே ஏறும். முழங்கைகளையும் இறுகப் பூட்டாதீர்கள், உதை முழுவதும் தோளுக்குப் போய் உடம்பையே ஆட்டும். தலையைக் குனியாமல் துப்பாக்கியைக் கண் மட்டத்துக்கு உயர்த்துங்கள்.

பிடியில் வலது கை எவ்வளவு மேலே ஏறுமோ அவ்வளவு மேலே இருக்கட்டும். இடது உள்ளங்கை, கைப்பிடியில் மிச்சமிருக்கும் வெற்றிடத்தை நிரப்ப வேண்டும். இடது கட்டைவிரலை வலது கைக்குப் பின்னால் குறுக்கே போடவே கூடாது, ஸ்லைடு (பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் நகரும் பகுதி) பின்னால் வரும்போது தோலைக் கிழித்துவிடும். ரிவால்வர் எடுத்தால் கட்டைவிரல்களை முன்னே நீட்டாதீர்கள், சிலிண்டருக்கும் (தோட்டாக்கள் இருக்கும் உருளை) குழலுக்கும் இடையிலுள்ள இடைவெளியில் சூடான வாயு பீறிடும்.

பக்கவாட்டுச் சிதறலுக்கு ஒரு சோதனை இருக்கிறது. காலித் துப்பாக்கியில்தான் செய்ய வேண்டும். மேகசினை (தோட்டாக்கள் அடுக்கிய பெட்டி) எடுத்து, ஸ்லைடை இழுத்து, குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் சேம்பரைக் கண்ணாலும் விரலாலும் இருமுறை பாருங்கள். நீங்கள் நிற்கும் அறையில் ஒரு தோட்டாகூட இருக்கக் கூடாது. எதிரே இருப்பது குண்டைத் தாங்கும் சுவராக இருக்கட்டும். குறியை நோக்கி நில்லுங்கள், கண்ணை மூடுங்கள், இரண்டு முறை மூச்சு விடுங்கள், திறங்கள். சைட் (துப்பாக்கியின் மேலே குறி பார்க்க உள்ள முனை) இடப்பக்கம் விலகியிருந்தால், கையைத் திருப்பிச் சரிசெய்யாதீர்கள். கை தசை பலத்தால் பிடித்து வைத்த குறி, ரீகாயில் வந்ததும் உடம்பு விரும்பும் இடத்துக்கே போய்விடும். பாதங்களைக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பி மறுபடி பாருங்கள். கண் திறக்கும்போது சைட் குறியிலேயே இருக்கும்வரை செய்ய வேண்டும். ஒவ்வொரு நாளும் சுடத் தொடங்கும் முன் இதைச் செய்வது, நூறு தோட்டா செலவழிப்பதைவிடப் பலன் தரும்.

அதே காலித் துப்பாக்கியுடன் தினமும் பத்து நிமிடம் போதும்: துப்பாக்கியை மார்பருகே வைத்து, முன்னே நீட்டி, சைட் ஆடாமல் ட்ரிகரை இழுத்து, மறுபடி மார்புக்கு. முன் சைட்டின் மேல் ஒரு வெற்றுத் தோட்டாக்கூட்டை நிறுத்திப் பாருங்கள், அது விழாமல் ட்ரிகரை முழுக்க இழுக்க வேண்டும். .22 ரிம்ஃபயர் துப்பாக்கியாக இருந்தால் பயிற்சித் தோட்டா (வெடிக்காத போலித் தோட்டா) போடாமல் வெறுமனே இழுக்க வேண்டாம், பல மாடல்களில் ஃபயரிங் பின் (தோட்டாவை அடித்து வெடிக்க வைக்கும் ஊசி) சேம்பர் விளிம்பில் மோதிச் சேதமாகும்.

பிறகு ஏழு மீட்டரில் ஐந்து குண்டு சுட்டுப் பாருங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக மேலே ஏறினால் சாய்வைச் சரிசெய்யுங்கள், பக்கவாட்டில் பரவினால் பாதத்தை. இடது கீழ்ப்பக்கம் குவிந்தால் நிலையைத் தொடவே வேண்டாம். உதையை எதிர்பார்த்து கை முன்கூட்டியே அழுத்துகிறது. வேறொருவரை மேகசினில் ஓரிரு பயிற்சித் தோட்டாக்களைக் கலந்து போடச் சொல்லுங்கள், அது வரும்போது முனை கீழே குத்துவது உங்களுக்கே தெரியும்.