உமிப் புகையில் பொன் நிறம் வருமா?

கேள்வி: ஈரானின் காஷான் நகரத்துப் பழைய தட்டுகளின் படங்களைப் பார்த்தேன். பொன்னாக மின்னுகின்றன. தங்கம் கலந்ததா? என்னிடம் சிறிய மின்சூளை உண்டு. கோலகங்சாரின் கறுப்புச் சுரைக்குடுவையான லாபு சாயோங் போல உமியில் புதைத்து அந்த மினுக்கை வரவழைக்கலாமா?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: தங்கம் துளியும் இல்லை, வெள்ளியும் செம்பும்தான். கண்ணாடியில் முதலில் பழகிய இந்த வித்தை, 9ஆம் நூற்றாண்டில் ஈராக்கில் மண்பாண்டத்துக்கு வந்தது. காஷானின் குயவர் குடும்பத்தைச் சேர்ந்த அபுல் காசிம் 1301இல் செய்முறையை எழுதி வைத்தார்: மருந்தை, அதாவது வெள்ளி, செம்பு கலந்த பொடியை, திராட்சைச் சாற்றிலோ வினிகரிலோ குழைத்துத் தீட்டு, 72 மணி நேரம் இளம்புகை கொடு, ஆறியதும் ஈரமண்ணால் தேய். இன்றைக்கும் அடிப்படை அதேதான்.

உமி வழி இதற்கு ஒத்துவராது. கோலகங்சார் சுரைக்குடுவை கறுப்பது, பூச்சில்லாத மண்ணின் நுண்துளைகளில் கரி ஏறுவதால். இங்கேயோ பாண்டத்தின் மேல் கண்ணாடிப் பூச்சு இருக்கிறது. கரி அதில் ஏறாது, சூடான தட்டை உமியில் போட்டால் விரிசலும் விழும். மினுக்கு பிறக்கும் விதமே வேறு. சூட்டில் வெள்ளி, செம்பு அயனிகள் பூச்சுக்குள் நுழைந்து, அங்கிருக்கும் சோடியம், பொட்டாசியத்தின் இடத்தைப் பிடிக்கின்றன. புகை ஆக்சிஜனை இழுத்துக்கொள்ள, அவை கண்ணுக்குத் தெரியாத உலோகத் துகள்களாகின்றன. அந்த மெல்லிய படலத்தில் ஒளி பட்டுத் திரும்பும்போதுதான் பொன் நிறம்.

ஆகவே மூன்று முறை சுட வேண்டும். முதலில் வெறும் மண், பிறகு வெள்ளீயம் கலந்த வெள்ளைப் பூச்சு. இரண்டுக்கும் உங்கள் மின்சூளை போதும். மூன்றாவது, மருந்து தீட்டிப் புகையில் சுடுவது. அதை மின்சூளையில் வைக்காதீர்கள், புகை கம்பிச்சுருளைக் கெடுத்துவிடும். சின்ன விறகுச் சூளையோ கேஸ் சூளையோ தேவை. புகையோடு வரும் கார்பன் மோனாக்சைடு உயிரை வாங்கும். சுவரில்லாத கொட்டகையில்தான் சுடவேண்டும்.

வெள்ளி, செம்பு உப்புகளோடு காவிமண்ணைத் தாராளமாகச் சேர்த்து அரையுங்கள். காவிதான் மருந்தைத் தாங்கிப் பிடிக்கும். சூடு 600 முதல் 650 டிகிரி. அங்கே நிறுத்தி, நன்றாகக் காய்ந்த மெல்லிய சிராய்களைப் போட்டுப் புகைபோக்கியை அடையுங்கள். சில நிமிடம் புகை, பிறகு திறந்து தெளியவிடுங்கள், மறுபடி புகை. ரப்பர் மரச் சிராயே போதும், ஈரம் மட்டும் கூடாது. பார்வைத் துளையருகே அதே பூச்சும் மருந்தும் தீட்டிய மண்வளையங்களை வைத்து, ஒவ்வொரு புகைக்குப் பிறகும் ஒன்றைக் கம்பியால் எடுத்துத் துடைத்துப் பாருங்கள். எப்போது நிறுத்துவது என்பதை அந்த வளையம்தான் சொல்லும், கடிகாரத்தை நம்பாதீர்கள்.

சூடு மிஞ்சினால் பூச்சு இளகிக் காவி ஒட்டிக்கொள்ளும், எவ்வளவு தேய்த்தாலும் போகாது. புகை குறைந்தால் மஞ்சளோ பச்சையோ கறையாக நிற்கும், மினுக்கு வராது. நல்ல சூளையிலும் சில தட்டுகள் வீணாகும்.

கேள்வி: அந்தத் தட்டில் சாப்பிடலாமா?
– வாசகி, கூலிம்

பதில்: பழைய பூச்சுகளில் பெரும்பாலும் ஈயம் உண்டு, புளிப்பு பட்டால் அது கரைந்து இறங்கும். ரசம், அச்சார், சம்பல் எதையும் வைக்காதீர்கள். ஈயமில்லாப் பூச்சானாலும் நார் போட்டுத் தேய்த்தால் மினுக்கு மங்கும். காலை வெளிச்சம் சாய்வாக விழும் சுவரில் மாட்டுங்கள். நேராகப் பார்த்தால் வெறும் பழுப்பு, பக்கவாட்டில் பார்த்தால்தான் பொன்.