நாற்பது வீட்டுக் கையெழுத்து இருக்கிறது, புரோக்கர் எதற்கு?

கேள்வி: ஈரோடு மாவட்டம், பெயர் வேண்டாம் ஐயா. பக்கத்துச் சாயப்பட்டறைக் கழிவால் தீபாவளி அன்றிலிருந்து கிணற்றில் தண்ணீர் சிவப்பாக வருகிறது. இப்போது சித்திரை முடியப்போகிறது. நாற்பது வீட்டுக்காரர்களும் சேர்ந்து பசுமைத் தீர்ப்பாயம் போகலாமா? சங்கம் பதிவு செய்து, வீட்டுக்கு 5,000 கொடுத்தால் வீட்டுக்கு 2 லட்சம் வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: சுற்றுச்சூழல் வழக்குகளுக்கென்றே உள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குத் தாராளமாகப் போகலாம். அந்த ஆளை மட்டும் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

நாற்பது வீட்டில் 5,000 என்றால் வசூல் 2 லட்சம். கழிவை நிறுத்தச் சொல்லும் மனுவுக்குத் தீர்ப்பாயக் கட்டணம் வெறும் 1,000 ரூபாய். இழப்பீடும் கேட்டால், கேட்கும் தொகையில் ஒரு சதவீதம். அவர் சொல்லும் 80 லட்சத்துக்கு 80,000. மீதி வக்கீலுக்கு என்பார். வக்கீல் இல்லாமலே மனு போடலாம். வைத்துக்கொள்வது நல்லதுதான், ஆனால் நீங்களே நேரில் பார்த்துப் பேசி வையுங்கள். சங்கப் பதிவும் தேவையில்லை. கிணறு கெட்ட நாலு பேர் மனுதாரர்கள், மற்றவர்கள் பிரமாண வாக்குமூலம் கொடுத்தால் போதும்.

எனக்குத் தெரிந்த ஓர் ஊரில் எதுவும் நிரப்பாத வக்காலத்தில் (வக்கீலுக்கு அதிகாரம் கொடுக்கும் தாள்) கையெழுத்து வாங்கிப் போன ஒருவர், மூன்றாம் மாதம் ஆலைக்காரரோடு 'சமரசம்' பேசி, ஊர்க் கோயிலுக்கு மைக் செட் வாங்கிக் கொடுத்துக் கதையை முடித்தார். கிணறு இன்னும் அப்படியேதான் கிடக்கிறது.

அடுத்தது கெடு. 2010 பசுமைத் தீர்ப்பாயச் சட்டப்படி, கழிவை நிறுத்தச் சொல்லும் மனுவை, பிரச்சினை முதன்முதலில் தலைகாட்டிய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போட வேண்டும். உங்களுக்கு அது முடிந்துவிட்டது. தகுந்த காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் தருவார்கள், அது இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. "கலெக்டரிடம் மனு கொடுத்திருக்கோமே" என்பீர்கள். அதனால் கெடு ஒரு நாள்கூட நீளாது. ஆனால் இழப்பீடும், கெட்ட நிலத்தையும் நீரையும் பழையபடி சீராக்குவதும் கேட்கும் மனுவுக்கு ஐந்து வருடம் அவகாசம். இரண்டும் வேறு வேறு கெடு, குழப்பிக்கொள்ளாதீர்கள். "ஐந்து வருஷம் இருக்கு, மெதுவா பார்க்கலாம்" என்று யாராவது சொன்னால், கழிவை நிறுத்தும் வழக்கை அவர் கோட்டை விட வைக்கிறார் என்று அர்த்தம்.

பட்டறைக் குழாயில் நீங்களே பாட்டிலில் பிடித்த தண்ணீரை எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே வரியில் தட்டிவிடுவார். 1974 நீர்ச் சட்டப்படி, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரி நோட்டீஸ் கொடுத்து மாதிரி எடுத்து, பிரித்து, முத்திரை வைக்க வேண்டும். அவரோ பகல் பதினொரு மணிக்கு ஜீப்பில் வருவார்; சிவப்புத் தண்ணீர் இராத்திரி இரண்டு மணிக்கு வரும். "ஆய்வின்போது கழிவு ஏதும் காணப்படவில்லை" என்று எழுதிய அறிக்கைகள் என் மேஜையில் கட்டுக்கட்டாக இருக்கின்றன. தீர்ப்பாயம் பெரும்பாலும் கூட்டுக் குழு அமைக்கும். அதிலும் அந்த அதிகாரியே வந்து உட்காருவார்!

அதனால் கிணற்று நீரைக் குடிநீர் வடிகால் வாரியக் கூடத்தில் மாதாமாதம் சோதித்து ரசீதோடு வையுங்கள். குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு தண்ணீரே இல்லாவிட்டால் 2,000 வரை. இராத்திரி வரும் கழிவை, நேரம் தெரிய, வீடியோ எடுங்கள். கிராம சபையில் தீர்மானம் போட்டுக் கையெழுத்திட்ட நகல் வாங்குங்கள். 2011-ல் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதே, அது நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர்கள் பாதுகாப்புச் சங்கம் விடாமல் நடத்திய வழக்கில்தான்.

தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. இணையத்திலேயே மனு போடலாம். இந்த வாரமே போடுங்கள்.