மழை நாளில் மோட்டார் ஹோம்: எந்தச் சாலையில் போவது?

கேள்வி: ஜூலை மாதம் என் பெற்றோரையும் இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு, சமைக்கவும் தூங்கவும் வசதியுள்ள 25 அடி நீள மோட்டார் ஹோம் ஒன்றை வாடகைக்கு எடுத்து, மான்டனா மாநிலத்தின் கிளேசியர் தேசியப் பூங்காவுக்குச் செல்கிறோம். முதலில் மேற்கே அப்கார் முகாமிலும், பிறகு கிழக்கே செயின்ட் மேரியிலும் தங்குகிறோம். இடம் மாறும் நாளில் மழை பிடித்துக்கொண்டால், புகழ்பெற்ற ‘கோயிங் டு த சன்’ சாலை வழியாகவே மலையைக் கடக்கலாமா? வண்டிக்குள்ளேயே அடைந்து கிடக்க நேர்ந்தால் எப்படிச் சமாளிப்பது?
– ஒரு வாசகி, சியாட்டில்

பதில்: மழை பெய்தாலும் வெயில் அடித்தாலும் உங்கள் வண்டி அந்தச் சாலையில் மலையைக் கடக்க முடியாது. 21 அடிக்கு மேல் நீளமோ, பக்கக் கண்ணாடிகளையும் சேர்த்து 8 அடிக்கு மேல் அகலமோ உள்ள வண்டிகளுக்கு, அவலாஞ்ச் முகாமுக்கும் ரைசிங் சன் பகுதிக்கும் இடையே அனுமதி இல்லை. 1932இல் கட்டி முடிக்கப்பட்ட அந்தச் சாலை, 6,646 அடி உயரத்திலுள்ள லோகன் கணவாயின் மேற்குச் சரிவில் செங்குத்தான பாறையைச் செதுக்கி அமைக்கப்பட்டது; சில இடங்களில் பாறை சாலைக்கு மேலேயே துருத்திக்கொண்டு நிற்பதால், உயரமான வண்டியின் கூரை உரசிவிடும்.

உங்களுக்கு உரியது, பூங்காவின் தெற்கு எல்லையை ஒட்டிச் செல்லும் 2ஆம் எண் நெடுஞ்சாலை. அது கடக்கும் மரியாஸ் கணவாய் 5,213 அடி உயரமே என்பதோடு, ஏற்றமும் மெதுவானது. ஈஸ்ட் கிளேசியர் என்ற ஊரை அடைந்ததும், வரைபடத்தில் குறுக்கு வழியாகத் தெரியும் 49ஆம் எண் சாலையில் திரும்பிவிடாதீர்கள். நெருக்கமான வளைவுகள் கொண்ட அது நீள வண்டிக்கு ஏற்றதல்ல. பிரவுனிங் வரை சென்று 89ஆம் எண் சாலையைப் பிடியுங்கள். செயின்ட் மேரியை நெருங்கும்போது வரும் இறக்கத்தில், சரிவு தொடங்குவதற்கு முன்பே கியரைக் குறைத்து, எஞ்சினே வண்டியின் வேகத்தைக் கட்டுப்படுத்தும்படி விட வேண்டும். பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே இறங்கினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். ஈரச் சாலையில் வழக்கமான வேகத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துக்கொள்வது நல்லது. கிழக்குப் பக்கத்தில் மழையைவிடக் காற்றுக்குத்தான் நான் அஞ்சுவேன். உயரமான வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும் அளவுக்கு அங்கே காற்று வீசுவதுண்டு. ஆகவே காலையில் காற்றோ மழையோ வலுத்தால் புறப்பாட்டைத் தள்ளிப்போடுங்கள். ஜூலையில் இரவு ஒன்பது மணிக்கும் அங்கே வெளிச்சம் இருக்கும்.

பசிபிக் கடலிலிருந்து வரும் மேகங்கள் மேற்குச் சரிவிலேயே பெரும்பாலும் பொழிந்துவிடுவதால், அப்காரில் நாள் முழுதும் தூறினாலும் செயின்ட் மேரியில் வானம் வெளுத்திருக்கலாம்.

இனி வண்டிக்குள் இருக்கும் பொழுது. பக்கவாட்டில் விரியும் துணிக்கூரையின் ஒரு முனையைத் தாழ்த்திக் கட்டாவிட்டால், நடுவில் நீர் தேங்கி, துணி குடம்போலத் தொங்கி, கம்பி வளைந்துவிடும். காற்று வலுத்தால் உடனே சுருட்டிவிட வேண்டும், ஈரத்தோடு சுருட்டியதை அடுத்த வெயிலில் விரித்துக் காயவைக்க வேண்டும். ஐந்து பேரின் மூச்சும், நனைந்த துணிகளும், கொதிக்கும் சோற்றின் ஆவியும் சேர்ந்து கண்ணாடியில் நீராக வழிந்து மெத்தை ஓரங்களை நனைக்கும் என்பதால், குளிர்ந்தாலும் கூரைத் திறப்பையும் ஒரு சன்னலையும் சற்றே திறந்து வையுங்கள். கேஸ் அடுப்பை எரியவிட்டுக் குளிர் காய்வதை யாரும் செய்யக் கூடாது. எரியும் அடுப்பிலிருந்து வரக்கூடிய கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மழைக்கு ஒதுங்கித் துணிக்கூரையின் கீழே சாப்பிட்டால், சாம்பார்ச் சட்டியைக்கூட அங்கே விட்டுவிட்டு வராதீர்கள். அது கரடிகள் நடமாடும் காடு, உணவுப் பொருளெல்லாம் வண்டிக்குள் இருந்தாக வேண்டும் என்பது விதி.

தூறல் மட்டும் என்றால் அவலாஞ்ச் அருகே ‘டிரெயில் ஆஃப் த சீடர்ஸ்’ நடைபாதைக்குப் பெற்றோரை அழைத்துச் செல்லுங்கள். ஒரு பகுதி பலகை பாவிய சமதளப் பாதை, அடர்ந்த தேவதாரு மரங்கள் தூறலைப் பாதிக்கு மேல் தடுத்துவிடும். லோகன் கணவாயைப் பார்த்தே ஆக வேண்டுமானால் 1930களில் செய்யப்பட்ட சிவப்புப் பேருந்துகள் இருக்கின்றன. வெயிலில் அவற்றின் கித்தான் கூரையைச் சுருட்டிவிடுவார்கள், மழையில் மூடிவிடுவார்கள். இருக்கைகள் விரைவில் நிரம்பிவிடும் என்பதால் இப்போதே பதிவு செய்துவிடுங்கள். மேலே ஜூலையிலும் பனி பெய்வதுண்டு, அதனால் பிள்ளைகளுக்குக் கம்பளிச் சட்டையும் தேவைப்படும்.