மூணு லைட்டும் எரியணும்

வணக்கங்க ஐயா,

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். 8 வருடமாக லிப்ரே ஆபிஸ் என்ற இலவச மென்பொருளில்தான் வேலை. காசு வாங்காமல் கொடுத்தவர்களுக்கு ஏதாவது திருப்பிச் செய்ய ஆசை. எனக்கு புரோகிராம் எழுத வராது. கையேடு எழுதலாமே என்கிறார்கள். ஆங்கிலமும் சுமார்தான். எங்கிருந்து ஆரம்பிப்பதுங்க?

ம., அனுப்பர்பாளையம்

அன்புள்ள ம.,

எங்கள் தோட்டத்து மோட்டார் ரூம் சுவரில் கரியால் எழுதிய ஒரு வரி இருக்கிறது: 'மூணு லைட்டும் எரிஞ்சா மட்டும் பச்சைய அமுக்கு.' ஸ்டார்ட்டரோடு வந்த ஆங்கிலப் புத்தகம் உறை பிரிக்காமல் பரணில் கிடக்கிறது. சுவரில் எழுதியவர் சித்தப்பா. மூணு பேஸ் கரண்டில் இரண்டு மட்டும் வந்து, இரண்டு லைட் மட்டும் எரிந்த நேரத்தில் மோட்டாரைப் போட்டு காயிலைக் கருக்கிவிட்டார். கோயமுத்தூர் போய் ரீவைண்டிங் செய்துகொண்டு வந்த அன்று சாயங்காலம் எழுதியது அது.

உங்களுக்கும் ஏதாவது கருகியிருக்கும். பையர் அனுப்பும் சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துப் பட்டியல்) லிப்ரே ஆபிஸின் கணக்குத்தாளான கால்க்கில் அப்படியே திறந்தால் 00412 என்ற ஸ்டைல் நம்பர் 412 ஆகிவிடும். திறக்கும்போது வரும் பெட்டியில் அந்த நம்பர் இருக்கும் நெடுவரிசையைத் தொட்டு, வகையை 'டெக்ஸ்ட்' என்று மாற்றினால் பூச்சியம் போகாது. 05/06 என்பது மே மாதமா ஜூனா என்பதையும் அங்கேயே சொல்லிவிடலாம். இதைக் கண்டுபிடிக்க எத்தனை நாள் ஆனது என்பது உங்களுக்குத்தான் தெரியும். புரோகிராமர் அங்கே தடுக்கி விழுந்ததே இல்லை.

சரி, கையேட்டில் அந்த இடத்தை எடுத்துப் படியுங்கள். புரியாத வரி, பழைய படம், மெனுவில் இப்போது இல்லாத பெயர், ஏதாவது தட்டுப்படலாம். அங்கே ஆரம்பியுங்கள். லிப்ரே ஆபிஸ் கையேடுகளை, கடிதம் அடிக்கிற அதன் ரைட்டரிலேயே அத்தியாயம் அத்தியாயமாகத் தன்னார்வலர்கள் எழுதுகிறார்கள். ஒருவர் எழுதியதை இன்னொருவர் சரிபார்ப்பார். புரோகிராமர்கள் கோப்பு மாற்றங்களைப் பதிந்துவைக்கும் 'கிட்' என்ற கருவியைப் பழகவேண்டிய அவசியம் இல்லை. வேறு பல திட்டங்களில் கையேடு கிட்ஹப் என்ற இணையதளத்தில் மார்க்டவுன் கோப்பாக (சில எளிய குறிகள் போட்ட சாதாரண எழுத்துக் கோப்பு) இருக்கும். பென்சில் படத்தைத் தட்டித் திருத்தி அனுப்பினால் போதும், உங்கள் பெயரில் நகலெடுப்பதை அந்தத் தளமே பார்த்துக்கொள்ளும்.

நான் ஆரம்பித்தபோது யாரையும் கேட்காமல் ஒரு அத்தியாயம் முழுவதையும் திருப்பி எழுதி அனுப்பினேன். ஆறு மாதம் சத்தமே இல்லை. எனக்குக் கோபமான கோபம். அப்புறம் இன்னொரு பக்கத்தில் தப்பாக இருந்த ஒரே ஒரு கட்டளையைத் திருத்தி அனுப்பினேன், இரண்டே நாளில் சேர்த்துக்கொண்டார்கள். வேலை முடிந்து வீட்டுக்கு வந்து உட்காருகிற மனுஷனுக்கு 40 பக்கம் சரிபார்க்க ஏது நேரம்?

சுமாரான ஆங்கிலம் போதும். சின்ன வாக்கியம், ஒரு படிக்கு ஒரு வேலை. 'சிம்ப்ளி', 'ஜஸ்ட்' இரண்டையும் மட்டும் எழுதிவிடாதீர்கள். சிக்கிக்கொண்டு நிற்பவருக்கு அதைப் படித்தால் பற்றிக்கொண்டு வரும். இலக்கணத்தைச் சரிபார்ப்பவர் பார்த்துக்கொள்வார்.

அந்த ஸ்டைல் நம்பர் குறிப்பை எழுதியதும் உங்கள் ஆபிஸில் புதிதாகச் சேர்ந்த யாரிடமாவது கொடுத்துச் செய்யச் சொல்லிவிட்டு, வாயைத் திறக்காமல் பக்கத்தில் நில்லுங்கள். எந்த வரியில் அவர் உங்கள் முகத்தைப் பார்க்கிறாரோ, அதைத் திருத்திவிட்டு அனுப்புங்கள்.